சம்பாதித்த ஓட்டங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் இடக்கை பிட்சரை வாங்கி நன்றாக ஏமாந்தேன். பிட்சர் என்றால் நிஜ மனிதன் இல்லை. கணினி விளையாட்டுக்குள் பிறந்து அதற்குள்ளேயே ஓய்வு பெற்றுப்போகும் ஒரு பெயர். அவனுக்காக இரண்டு இளம் ஆட்டக்காரர்களைக் கொடுத்தேன். அன்று இரவு பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் உட்கார்ந்து அறைத்தோழனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். “யாருடா அது, எந்த டீமு?” என்று ஆர்வமாகத்தான் கேட்டான். பேஸ்பால் என்றதும் ரொட்டி சானாய் பக்கம் திரும்பிவிட்டான்.

கிள்ளானில் பிறந்து வளர்ந்தவனுக்கு பேஸ்பால் எதற்கு? நியாயமான கேள்வி. தமிழ்ப்பள்ளியில் போலா லிசுட் ஆடினோம், இடைநிலைப் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடினோம். நான்கு தளம், ஒரு மட்டை, சுற்றி ஓடி வந்தால் ஓட்டம். அவ்வளவுதான் தெரியும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல்கலைக்கழக விடுதியில் மாட்டிக்கொண்ட இறுதியாண்டு மாணவர்களில் நானும் ஒருவன். அப்போதுதான் ‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்’ கண்ணில் பட்டது. மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கி 1999-லிருந்து வந்துகொண்டிருக்கும் நிர்வாக விளையாட்டு. ஒரு ஜெர்மானியருக்கே பேஸ்பால் பைத்தியம் பிடிக்கலாம் என்றால் கிள்ளான்காரனுக்குப் பிடித்தால் என்ன என்று ஆரம்பித்தேன்.

இந்த விளையாட்டில் நாம் பந்து வீசுவதுமில்லை, அடிப்பதுமில்லை. ஆள் எடுப்பது, ஆள் மாற்றுவது, யார் எந்த இடத்தில் நிற்பது என்று முடிவு செய்வது மட்டுமே நம் வேலை. ஆட்டத்தைக் கணினி ஆடிக்கொள்ளும். நான் இருக்கும் இணைய லீக்கில் மற்ற அணிகளின் முதலாளிகள் உலகத்தின் எங்கெங்கோ இருக்கிறார்கள். நாங்கள் தூங்கும் நேரத்தில் ஒரு வார ஆட்டங்கள் நடந்து முடிந்துவிடும். காலையில் கொமுட்டரில் நின்றுகொண்டு கைப்பேசியைத் திறந்தால் பத்தி பத்தியாக எண்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத, வாசிப்பதற்கு மட்டுமே இருக்கிற விளையாட்டு. ஓர் இலக்கிய இதழில் இதைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் வந்ததற்கு அதுதான் காரணம்.

என் இடக்கை பிட்சரை வாங்கவைத்தது ஈ.ஆர்.ஏ. என்ற எண். ஒரு பிட்சர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி, அவன் வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் கிடைப்பது. ஒன்பது இன்னிங்ஸ் வீசினால் சராசரியாக எத்தனை ஓட்டம் விடுவான் என்று அது சொல்லும். குறைவாக இருந்தால் நல்லது. அவனுக்கு இரண்டை ஒட்டி இருந்தது. நான்குக்கு மேலே கிடக்கும் கூட்டத்தில் இரண்டு என்றால் ராஜா.

ஆனால் எல்லா ஓட்டமும் இதில் சேராது. ‘சம்பாதித்த’ ஓட்டங்கள் மட்டும்தான் சேரும். ஆங்கிலத்திலும் அதே சொல்தான். தடுப்பாளர் ஒருவர் பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டு அதனால் வந்த ஓட்டம் பிட்சர் கணக்கில் ஏறாது. சரி, பிடித்திருக்க வேண்டிய பந்து எது? அதைத் தீர்மானிக்க மைதானத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அதிகாரபூர்வ ஸ்கோரர். ‘சாதாரண உழைப்பில் இது பிடிபட்டிருக்கும்’ என்று அவருக்குத் தோன்றினால் அது பிழை. தோன்றாவிட்டால் பிட்சரின் பாவம். இரண்டு தசம இடத்துக்குத் துல்லியமாக அச்சாகும் எண்ணுக்குள் ஒருவரின் அபிப்பிராயம் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இது முதலில் அதிர்ச்சியாகவும் பிறகு ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆளும் ஒரு விமர்சகர்தானே.

இதில் நமக்குச் சொந்தமான ஒரு கிளைக்கதையும் உண்டு. பேஸ்பால் ஆட்டத்தை எண்களின் கட்டமாகப் பத்திரிகையில் அச்சிடும் பழக்கத்தை நிலைநாட்டியவர் ஹென்றி சாட்விக். 1824-ல் இங்கிலாந்தின் எக்ஸ்டரில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா போனவர். கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு மாறினார். அவர் கையோடு கொண்டுபோனது கிரிக்கெட் ஸ்கோர் அட்டை. ஆக, பிட்சரின் எண்ணும் நம்மூர் பவுலரின் எண்ணும் பங்காளிகள். கிரிக்கெட் அட்டை ஒரு விஷயத்தில் நேர்மையானது. கேட்ச் பிடித்தவர் பெயரை பவுலர் பெயருக்கு முன்னால் எழுதிவிடும். பிட்சரின் ஈ.ஆர்.ஏ.யில் அந்தத் துணைப்பெயர்கள் எல்லாம் கரைந்துபோகின்றன.

ஈ.ஆர்.ஏ.வையாவது மன்னிக்கலாம். பிட்சர்களுக்கு ‘வெற்றி, தோல்வி’ என்று கணக்கு வைக்கிறார்களே, அதை என்ன சொல்ல? 1987-ல் நோலன் ரயன் தன் லீகிலேயே ஆகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தார், 2.76. அந்த வருடம் 270 ஸ்ட்ரைக்அவுட். அவர் கணக்கில் எழுதப்பட்டதோ 8 வெற்றி, 16 தோல்வி. அவர் வீசும் நாட்களில் அவருடைய அணி ஓட்டம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். 2018-ல் ஜேக்கப் டிகிராம் 1.70 ஈ.ஆர்.ஏ. வைத்துக்கொண்டு 10 வெற்றி, 9 தோல்வி. ஆனால் முப்பது வருடத்தில் வாசகர்கள் மாறியிருந்தார்கள். ரயனுக்குக் கிடைக்காத சை யங் விருது டிகிராமுக்குக் கிடைத்தது.

வாசகர்களை மாற்றியதில் 2001-ல் வெளிவந்த ஒரு கட்டுரைக்குப் பெரிய பங்குண்டு. எழுதியவர் வோரோஸ் மெக்ராக்கன். எந்த அணியிலும் வேலை பார்க்காத, வெளியிலிருந்து எண்களோடு மல்லுக்கட்டிய ஓர் ஆள். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து அவுட் ஆகுமா ஆகாதா என்பதில் பிட்சருக்கு நாம் நினைக்கிற அளவுக்குப் பங்கு இல்லை. அப்படி உள்ளே விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆகின என்பதற்கு பேபிப் என்று ஓர் எண் இருக்கிறது. லீக் சராசரி சுமார் 0.300. ஒரு வருடம் 0.250 வைத்திருந்தவன் அடுத்த வருடம் 0.320-க்குப் போவான். அவன் கை மாறியிருக்காது. முன்னால் நிற்பவர்கள் மாறியிருப்பார்கள், அல்லது காற்று, அல்லது வெறும் அதிர்ஷ்டம்.

அப்படியானால் பிட்சருக்கே சொந்தமானது எது? யாரும் தொடாமல் அவனும் மட்டையாளனும் மட்டுமே தீர்த்துக்கொள்பவை: ஸ்ட்ரைக்அவுட், வாக், உடலில் பட்ட பந்து, மைதானத்துக்கு வெளியே போன ஹோம் ரன். இவற்றை மட்டும் வைத்துச் செய்த எண்தான் எஃப்.ஐ.பி. ஹோம் ரன்னை 13-ஆல் பெருக்கு. வாக்கையும் உடலில் பட்டதையும் கூட்டி 3-ஆல் பெருக்கு. இரண்டையும் கூட்டி, ஸ்ட்ரைக்அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழி. இன்னிங்ஸால் வகு. கடைசியில், ஈ.ஆர்.ஏ. போலத் தோற்றமளிக்க ஒரு மாறிலி சேர். பெரும்பாலும் மூன்றை ஒட்டியிருக்கும். 1999-ல் பேத்ரோ மார்ட்டினெஸ் 313 ஸ்ட்ரைக்அவுட், 37 வாக், 9 ஹோம் ரன். நீங்களே போட்டுப் பாருங்கள், மாறிலி சேர்ப்பதற்கு முன்னால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பொறியாளனுக்கு இது கவிதை மாதிரி.

என் இடக்கையனின் பேபிப் 0.230-ஐ ஒட்டி இருந்தது. ஸ்ட்ரைக்அவுட் குறைவு. எஃப்.ஐ.பி. நான்குக்கு மேல். எல்லாம் அதே பக்கத்தில், இரண்டு பத்தி தள்ளித்தான் இருந்தது. நான் வலது பக்கம் நகர்த்திப் பார்க்கவில்லை. பழைய அணியில் அவனுக்கு முன்னால் நல்ல ஷார்ட்ஸ்டாப் ஒருவன் இருந்திருக்கிறான். என் அணியில் அந்த இடத்தில் நின்றவன் மரம். அடுத்த சீசன் ஈ.ஆர்.ஏ. ஐந்தைத் தாண்டியது.

இது வெறும் விளையாட்டோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை.

நான் வேலை செய்வது பிளாஸ்டிக் மோல்டிங் ஃபேக்டரி ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஆண்டு இறுதியில் ஆபரேட்டர்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். அதற்குப் பல அளவுகோல்கள் இருந்தாலும் ஆகக் கனமானது ரிஜெக்ட் விழுக்காடு. நூறு பொருள் செய்தால் எத்தனை தூக்கிப்போட வேண்டி வந்தது என்பது. இரவு ஷிப்டில் ஓர் அண்ணன் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர், தோட்டம் உடைந்தபோது கிள்ளானுக்கு வந்த குடும்பம். அவருடைய விழுக்காடு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. நான் குறைவான மதிப்பெண் போட்டேன். போனஸில் அது எதிரொலித்தது. அவர் வந்து சண்டை போடவில்லை. கையெழுத்துப் போடும்போது, “மெஷினு பழசு தம்பி” என்று மட்டும் சொன்னார். எல்லாரும் சொல்வதுதான் என்று நினைத்தேன். படித்தவனின் திமிர் இருக்கிறதே, அது கத்தாது, படிவத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்கும்.

இடக்கையன் ஏமாற்றிய சீசன் முடிந்த வாரத்தில், ஏதோ உறுத்தி, ஃபேக்டரியின் ஒரு வருடத்துத் தரவை ஆள்வாரியாக இல்லாமல் மெஷின்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். அரை மணி நேர வேலை. பழைய மெஷின் ஒன்றில் யார் நின்றாலும் ரிஜெக்ட் ஏறியது. அதில் பெரும்பாலான இரவுகள் நின்றது அந்த அண்ணன். மற்றவர்கள் அந்த மெஷினில் நின்ற நாட்களோடு ஒப்பிட்டால் அவருடையதுதான் குறைவு. அதாவது எங்கள் படிவத்தில் அவர் நோலன் ரயன், எட்டுக்குப் பதினாறு. நான் அந்தப் பதினாறைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். மதிப்பீடு முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

இதற்குப் பிறகு எனக்கு எண்களின் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண் பொய் சொல்லவில்லை. அந்த மெஷினும் மோல்டும் இரவும் அண்ணனும் சேர்ந்து எழுதிய ஒன்றை, அண்ணன் ஒருவர் எழுதியதாக வாசித்தது நான். நம்முடைய நூல் வெளியீடுகளில் எழுத்தாளரை அறிமுகம் செய்யும்போது இத்தனை நாவல், இத்தனை சிறுகதை, இத்தனை விருது என்று அடுக்குகிறார்களே, அப்போதெல்லாம் இப்போது எனக்கு ஷார்ட்ஸ்டாப் ஞாபகம்தான் வருகிறது. யார் பிடித்துக் கொடுத்த பந்துகள் இவை?

ஆனால் பிரித்துப் பார்ப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் நடந்த ஓர் ஆட்டம். நான் போகவில்லை என்பதுதான் வருத்தம்.

2023 ஜூலை 26, புதன்கிழமை. கிள்ளான் பண்டமாரானில் பாயு எமாஸ் ஓவல். டி20 உலகக் கிண்ணத்துக்கான ஆசிய வட்டாரத் தகுதிச் சுற்றில் மலேசியாவும் சீனாவும் மோதின. மலேசிய வேகப்பந்து வீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸ் நான்கு ஓவர் வீசி, 8 ஓட்டம் கொடுத்து, 7 விக்கெட் எடுத்தார். ஆண்கள் அனைத்துலக டி20-யில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுதான் முதல் தடவை. சீனா 23 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அதை எட்ட மலேசியாவுக்கு ஐந்து ஓவர்கூடத் தேவைப்படவில்லை.

இதில் என்னை உட்காரவைத்த விவரம் வேறு. ஏழும் போல்டு. ஒரு கேட்ச் கிடையாது, எல்.பி.டபிள்யூ. கிடையாது. தடுப்பாளர் யாரும் கையை நீட்டவில்லை, நடுவர் விரலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. மெக்ராக்கன் கேட்ட கேள்விக்கு கிரிக்கெட்டில் இதைவிடத் தூய்மையான பதில் இருக்க முடியாது. முழுக்க முழுக்க அவர் சம்பாதித்தது. ஷார்ட்ஸ்டாப் வாதம் இங்கே செல்லாது.

ஆனால் மாமாக் கடையில் இதைச் சொன்னால் வரும் முதல் கேள்வி என்ன? “சைனாவா? அவங்க கிரிக்கெட் ஆடுவாங்களா?” அறைத்தோழன் கேட்டது இதுதான். எஃப்.ஐ.பி. தடுப்பாளர்களைக் கழித்துவிடும், எதிராளியைக் கழிக்காது. எதிராளியைக் கழிக்க இன்னொரு எண் செய்யலாம். அப்புறம் தரையைக் கழிக்க, வானிலையைக் கழிக்க. இப்படியே கழித்துக்கொண்டு போனால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்? இருபத்து நான்கு பந்து வீசிய ஒருவர். ஸ்டம்பைக் குறி பார்த்து வீசி, ஏழு தடவை அதைச் சாய்த்தவர். எதிராளி பலவீனமானவர் என்பது உண்மை. பலவீனமான எதிராளிகளுக்கு எத்தனையோ பேர் வீசியிருக்கிறார்கள், யாரும் அதுவரை ஏழு எடுக்கவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மையையும் ஒரே எண்ணில் அடைக்க எனக்குத் தெரிந்து வழியில்லை.

இந்தக் கழித்தல் கணக்கு நமக்குப் புதிதும் இல்லை. தமிழர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் முரளிதரனா வார்னேயா என்று ஆரம்பித்தால் தெரியும். முரளி 133 டெஸ்டில் 800. வார்னே 145 டெஸ்டில் 708. உடனே ஒருவர் சொல்வார், முரளியின் விக்கெட்டுகளில் 176 பங்களாதேஷிடமும் ஜிம்பாப்வேயிடமும் எடுத்தது, வார்னேக்கு அது 17 மட்டுமே என்று. சரி, கழிப்போம். முரளிக்கு 108 டெஸ்டில் 624, வார்னேக்கு 142 டெஸ்டில் 691. ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால் அப்போதும் முரளிதான் மேலே, 5.8-க்கு 4.9. இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியபோது எதிர்க்கட்சிக்காரர் அசரவில்லை. வார்னே மெக்ராத்தோடு விக்கெட்டைப் பங்குபோட வேண்டியிருந்தது, முரளிக்குப் பங்காளி குறைவு, அதனால்தான் கூடுதல் என்றார். அதுவும் சரிதான். பங்காளி இல்லாதவன் நாள் முழுக்க வீசிக் களைத்துப்போவானே, அதை யார் கழிப்பது என்றேன். அது அன்றைக்கு முடியவில்லை.

இங்கேதான் அந்த பேஸ்பால் விளையாட்டின் மேல் என் குறை தொடங்குகிறது. ஐந்தாறு வருடமாக அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், சொல்ல உரிமை உண்டு. எண்ணைச் சந்தேகிக்க அது எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் சந்தேகத்தின் அடியில் நிச்சயமான இன்னோர் எண் இருக்கிறது என்றும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. விளையாட்டில் ஒவ்வொரு பிட்சருக்கும் பந்தின் வீரியம், அசைவு, கட்டுப்பாடு என்று தரப்புள்ளிகள் உண்டு. நமக்குத் தெரிவது சாரணர் சொல்லும் மதிப்பீடு, அது தவறலாம். ஆனால் கணினியின் வயிற்றுக்குள் உண்மையான புள்ளி ஒன்று எழுதியே இருக்கிறது. என் இடக்கையன் நிஜத்தில் எப்படிப்பட்டவன் என்பதற்கு அங்கே விடை உண்டு. நான் சரியாக வாசித்தால் அதை நெருங்கலாம்.

அந்த அண்ணனுக்கு அப்படி எந்த வயிற்றிலும் ஓர் எண் எழுதி வைத்திருக்கவில்லை. மெஷினைக் கழித்துப் பார்த்தபோது நான் கண்டுபிடித்தது அவருடைய உண்மைப் புள்ளி என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் இன்னொரு வாசிப்புதான். இரவைக் கழிக்கவில்லை. மூலப்பொருளின் ஈரத்தைக் கழிக்கவில்லை. அவர் மனைவி மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதத்தைக் கழிக்கவில்லை. எல்லாம் கழித்தபின் நிற்பவர் அந்த அண்ணன்தானா என்பதும் எனக்குச் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தோடு வாசிக்கப்போய்த்தான் இரண்டு நாவல்கள் எனக்குப் புரிந்தன.

ராபர்ட் கூவரின் ‘தி யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்’ 1968-ல் வந்தது. கணினி வீட்டுக்கு வருவதற்கு முன்பே இந்த விளையாட்டை எழுதிவிட்டார். ஹென்றி வாவ் ஐம்பத்தாறு வயதுக் கணக்காளர். சமையலறை மேசையில் மூன்று பகடைகளை உருட்டி முழு பேஸ்பால் லீக் ஒன்றை ஆண்டாண்டாக நடத்துகிறார். பேரேட்டில் எல்லா எண்ணும் இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்குப் பெயர், குடும்பம், அரசியல், அவர்களைப் பற்றிய பாட்டு, மரண அறிவிப்பு எல்லாம் அவரே எழுதுகிறார். டேமன் ரதர்ஃபோர்ட் என்ற இளம் பிட்சர் ஒரு நாள் ஒருவரையும் தளம் ஏறவிடாத முழுமையான ஆட்டம் வீசுகிறான். ஹென்றிக்கு அவன் மகன் மாதிரி ஆகிவிடுகிறான். அடுத்து அவன் களமிறங்கும் ஆட்டத்தில் பகடை ஒன்று-ஒன்று-ஒன்று என்று விழுந்துகொண்டே போகிறது. அட்டவணைப்படி, மட்டையோடு நிற்கும் டேமன் தலையில் பந்து பட்டுச் சாக வேண்டும்.

ஹென்றிக்கு எங்களைப் போன்ற மயக்கம் கிடையாது. அடியில் உண்மைப் புள்ளி எதுவும் இல்லை, பகடைதான் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழுகிறார். பிறகு அந்தப் பந்தை வீசிய பிட்சரைப் பழிவாங்க, பகடையை உருட்டாமல் கையாலேயே ஆறு-ஆறு-ஆறு என்று எடுத்து வைக்கிறார். நாவலின் உச்சம் அதுதான். நிஜ உலகத்தில் வேலையையும் இழக்கிறார். கடைசி அத்தியாயத்தில் ஹென்றியே காணாமல்போய், ஆட்டக்காரர்கள் டேமனின் சாவை ஒரு சடங்காக நடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தைப் பெரிய சாதனை என்கிறார்கள். எனக்கு அதன் தத்துவச் சுமை கொஞ்சம் அதிகம். கூவரின் பலம் முன்பாதியில், பகடை விழுந்த சத்தத்துக்கும் அடுத்த வரி எழுதுவதற்கும் நடுவே அந்தக் கிழவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில் இருக்கிறது. காலை கொமுட்டரில் நான் பிடித்துக்கொள்ளும் மூச்சு அது.

இன்னொன்று ஷெஹான் கருணாதிலகவின் ‘சைனாமேன்’. 2012-ல் காமன்வெல்த் நூல் பரிசு பெற்றது. 2022-ல் வேறொரு நாவலுக்காக புக்கர் வாங்கினாரே, அவருடைய முதல் நாவல். இதில் நிலைமை தலைகீழ். ஆள் இருக்கிறான், எண் இல்லை. பிரதீப் மேத்யூ என்ற இலங்கைச் சுழற்பந்து வீச்சாளன், தகப்பன் வழியில் தமிழன். வீசியவர்களிலேயே ஆகச் சிறந்தவன் அவன்தான் என்று குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டுப்போன ஓய்வுபெற்ற விளையாட்டுச் செய்தியாளர் கருணாசேன நம்புகிறார். சாவதற்கு முன் அதை நிரூபித்துவிட வேண்டும் என்று அலைகிறார். பதிவேடுகளில் அவன் இல்லை. ஏன் இல்லை என்பதில் கிரிக்கெட் வாரியத்தின் அரசியலும் நாட்டின் அரசியலும் கலந்து கிடக்கின்றன. எண் இல்லாதபோது சாட்சி வேண்டும், கிடைத்த சாட்சியோ காலையிலேயே அராக் குடிப்பவர். கருணாசேனவை நம்பலாமா வேண்டாமா என்று தீர்க்கவிடாமல் முழு நாவலையும் கொண்டுபோனதுதான் கருணாதிலகவின் கெட்டிக்காரத்தனம். பந்து வகைகளுக்குப் படம் போட்டு விளக்கும் பக்கங்களில் எல்லாம் மகா துல்லியம். அந்தப் பந்தை வீசியவன் மட்டும் புகை.

நம் ஊர்த் தோட்டங்களில் கிரிக்கெட், காற்பந்து ஆடிய எத்தனை பேரைப் பற்றி இப்படிக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ‘அவன் அடிச்சான்னா செம்பனைக்கு அந்தாண்ட போவும்’ என்று என் மாமா சொல்லும் ஆளுக்கு ஒரு வரி ஸ்கோர் கிடையாது. சின்ன வயதில் அதை வீம்பு என்று ஒதுக்கினேன். சைனாமேனை முடித்தபின் மாமாவிடம் போய், யாருக்கு எதிராக அடித்தார், எந்த மைதானம், பந்து எது என்று விவரமாகக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்லக் கதை சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மிஞ்சியது ஓர் ஆட்டம், பண்டிகை நாள், பக்கத்துத் தோட்டத்து அணி, ஒரே ஒரு பெரிய அடி. ஆனால் அந்த ஒன்று நடந்திருக்கிறது என்று இப்போது எனக்கு நம்பிக்கை. எஃப்.ஐ.பி. செய்வதும் இதைத்தானே.

இடக்கையனை நான் விற்கவில்லை. நல்ல ஷார்ட்ஸ்டாப் ஒருவனைத் தேடிப் பிடித்தேன். இப்போது நான்கை ஒட்டி வீசுகிறான், அவனிடம் அவ்வளவுதான் இருக்கிறது.

ஃபேக்டரியில் இந்த வருடம் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு பத்தி சேர்க்கலாம் என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். மெஷின் எண் என்று சேர்ப்பதாகத்தான் எழுதி வைத்திருந்தேன். போன மாதம் ஷிப்டு மாறும் நேரத்தில் அந்த அண்ணனிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். போனஸ் விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

“மெஷினு நம்பரு போட்டா மட்டும் பத்தாது தம்பி,” என்றார். “மோல்டு மாத்துன அன்னிக்கு மொத நூறு பீஸும் குப்பைதான். மாத்தி வச்சிட்டு பகல் ஷிப்டு வீட்டுக்குப் போயிருவாங்க. அத ஓட்டிச் சரி பண்றது நாங்க. மோல்டு மாத்துன அன்னிக்கு யாரு நின்னான்னு எழுதுங்க.”

ஏன் போன வருடம் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க கேக்கலியே,” என்று சொல்லிவிட்டு கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.